நாலு புட்டி பாலை மண்ணோடு டெல்டாவில்

மே 20, செவ்வாய். கல்லணை

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை பஸ் ஏறும்போதே கண்டக்டர் என் பையைப் பார்த்து, "என்ன சார், புட்டி கிலுங்குது?" என்றார். மண் என்றேன். நம்பவில்லை. ஒன்றைத் திறந்து காட்டினேன். "எந்தக் கோயில் மண்ணு சார்?" என்று ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைக்கப் போனார். பாலைவனத்து மண் என்று சொல்லித் தடுப்பதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

புட்டிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் மண்ணைத் துளைத்து எடுத்து, சலித்து, எடை போட்டு, நனைத்து, அழுத்திப் பார்க்கிற வேலை. அபுதாபியில் பல வருடம். அதற்கு முன்னால் ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் காற்றாலைகளுக்காகக் கொஞ்ச காலம். முதல் புட்டி லிவா. ருப் அல் காலி என்கிற பெரும்பாலைவனத்தின் வடக்கு விளிம்பு, மணல் செங்காவி நிறம். இரண்டாவது அதே அபுதாபியின் கடலோரம், வெளிறிய மணல். மூன்றாவது ஜெய்சால்மருக்கு மேற்கே சம் மணற்குன்று. நாலாவது நம் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேடு. நாலிலும் நல்ல சிவப்பு அதுதான். மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் பெரியப்பா மகன், "அந்த ஊரு மண்ணைக் கொண்டாடா, நம்ம மண்ணோட வச்சுப் பாப்போம்" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நேரே அவர் ஊருக்குப் போகாமல் ஆற்றோடு இறங்கிப் போவது என்று முடிவு.

கல்லணையில் காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால்தான் இங்கே தண்ணீர். பத்து மணிக்கே வெயில் கண்ணைக் கூசியது. படித்துறை நிழலில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை விரித்து, பத்து ரூபாய்க்கு வாங்கிய பள்ளிக்கூடக் கோணமானியை எடுத்தேன். ஒரு கைப்பிடி ஆற்று மணலை மெல்லக் கொட்டினால் குவியல் ஒரு சரிவில் நிற்கும்; அதற்கு மேல் கொட்டினால் சரியும். இந்தச் சரிவுக் கோணம் மணலின் குணத்தைச் சொல்லிவிடும். காவிரி மணல் 36 பாகைக்குப் பக்கத்தில் நின்றது. லிவா மணல் எண்ணெய் மாதிரி வழிந்து 32-ஐத் தாண்டவே இல்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் காரணம் தெரியும். ஆற்று மணலில் முனையும் மூலையும் அப்படியே இருக்கின்றன. பெரிசும் சிறிசும் கலந்து கிடக்கிறது. பாலை மணல் ஆயிரக்கணக்கான வருடம் காற்றில் ஒன்றோடொன்று மோதி உருண்டு, மேல் தோல் மங்கிப்போனது. காற்று ஒரு சல்லடையின் வேலையும் பார்க்கிறது. கனமான பரல் பின்தங்கிவிடும், தூசி பறந்து கண்டம் தாண்டிவிடும், நடுவில் மிஞ்சுவது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையிலான ஒரே அளவுக் குருணை. உருண்டையும் ஒரே அளவுமாக இருப்பதால் சிமெண்டோடு பிடிப்பு வராது. அங்கே மணல் நடுவே உட்கார்ந்துகொண்டு, கான்கிரீட்டுக்கு மலையை உடைத்துப் பொடி பண்ணுவார்கள்.

இதையெல்லாம் பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். "அப்ப அங்க ராத்திரில யாரும் மணல் லாரி ஓட்ட மாட்டாங்க, அப்படித்தானே?" என்றார். வறுத்த கெண்டை தட்டு 120 ரூபாய். முள் அதிகம், மசாலா அதைவிட அதிகம், ஆனால் சூடு. எலுமிச்சை கேட்டால் பாதிப் பழம் தருகிறார். மீதிப் பாதியை நாளைக்கழித்துத் தேவைப்படும் என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மணல் மேல் கட்ட முடியாது என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் மணல் நல்ல அஸ்திவாரம். பாரம் ஏற்றியவுடன் அமுங்கவேண்டியது அமுங்கி நின்றுவிடும். களிமண்தான் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். மணலுக்குப் பெரிய எதிரி, அடியில் ஓடி அதை அரித்துக்கொண்டு போகும் தண்ணீர். கல்லணைக்காரர்கள் பாறை தேடவில்லை. ஆற்று மணலிலேயே கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலே அடுக்கினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இங்கிருந்துதான் கற்றோம் என்று ஆர்தர் காட்டனே பின்னாளில் எழுதினார். அதை வைத்துத்தான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணை எழுந்தது. கரிகாலன் மணிமண்டபத்தின் முன் செல்ஃபி எடுத்த கூட்டத்தில் ஒருவராவது குனிந்து அந்தக் கல்வரிசையைப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

சாயங்காலம் திருவையாறில் அசோகா அல்வா, நூறு கிராம். பாசிப்பருப்பும் நெய்யும் கையில் ஒட்டி, இரவு கும்பகோணத்தில் படுக்கும்வரை வாசம் போகவில்லை. லாட்ஜில் அறை 900 ரூபாய். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றியது.

மே 21, புதன். சுவாமிமலை

காலையில் இட்லியும் கடப்பாவும். கும்பகோணத்துக் கடப்பாவுக்கு வெளியூரில் யார் செய்தாலும் இந்தப் பதம் வருவதில்லை. டிகிரி காபி 30 ரூபாய், டபராவில் நுரை மட்டும் பாதி.

சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறை. தெரிந்தவர் சொல்லிவிட்டதால் பெரியவர் உள்ளே விட்டார். இல்லாவிட்டால் சிலை வாங்க வந்தவன் என்று நினைத்து ஷோரூமிலேயே உட்காரவைத்திருப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த ஒரு சாண் உயரப் பிள்ளையார் மேசையில் இருந்தார். அவர் மேல் வண்டல் பூசிக்கொண்டிருந்தார்கள்.

பூசுகிற முறையை நின்று பார்க்கவேண்டும். முதல் பூச்சு காவிரி வண்டல். அரைத்து, சலித்து, உமிக்கரியும் சாணியும் சேர்த்து, விரல் நுனியால் மெழுகின் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அழுத்துகிறார்கள். அது காய்ந்தபின் வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு. அதற்கு மேல் இன்னும் பருமனான மணலோடு மூன்றாவது. உள்ளே நயம், வெளியே முரடு. நயமான வண்டல்தான் பிள்ளையார் கழுத்து மணியின் கோட்டை அப்படியே பிரதி எடுக்கும். உமிக்கரி எரிந்து விடும் நுண்துளை வழியாகக் காற்று வெளியேறும். வெளி மணல் உருகிய உலோகத்தின் பாரத்தைத் தாங்கும். எங்கள் கூடத்தில் சல்லடை அடுக்கை வைத்து இரண்டு நாள் செய்யும் கணக்கை இவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முடித்துவிடுகிறார்கள்.

புட்டிகளை நீட்டினேன். பெரியவர் லிவா மணலை உள்ளங்கையில் கொட்டி, எச்சில் தொட்டு உருட்டிப் பார்த்தார். "இது ஓடும் தம்பி, ஒட்டாது." ஜெய்சால்மருக்கும் அதே தீர்ப்பு, முகத்தில் மட்டும் கொஞ்சம் யோசனை, அதில் மாவுத் தூள் சிறிது உண்டு. தேரி மண்ணை நனைத்ததும் விரல் சிவந்தது. "இதுல கொஞ்சம் உசுரு இருக்கு. எந்த ஊரு?" சொன்னேன். தேரிக் குருணையின் மேல் இரும்பு ஆக்சைடும் நுண்களியும் தோலாகப் படிந்திருக்கும். அந்தத் தோல்தான் ஒட்டியது. லிவாவின் நிறமும் இரும்பால் வந்ததுதான், ஆனால் அங்கே தோல் மெல்லிசு. ஒரே சிவப்பு, வேறு வேறு நடத்தை.

பட்டறை உள்ளே இருந்த சூட்டுக்குப் பிறகு வெளியே வெயில் குளுமையாகத் தோன்றியது. பிள்ளையார் விலையைக் கேட்டேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 22, வியாழன். மன்னார்குடிப் பக்கம்

வழியில் ஒரு ரயில்வே கேட்டில் பஸ் அரைமணிக்கு மேல் நின்றது. நுங்கு விற்கும் பையனுக்கு அதுதான் வியாபாரம். ஜன்னல் ஜன்னலாக ஏறிவிட்டான். மூன்று சுளை 20 ரூபாய். எனக்குப் பக்கத்து சீட்டு அம்மா தன் நுங்கில் ஒன்றை என் கையில் வைத்து, "வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிடுங்க" என்றார். வாங்க மறுத்தால் கோபித்துக்கொள்வார் என்று முகம் சொல்லியது.

அண்ணன் டிவிஎஸ் எக்ஸ்எல்லோடு நிறுத்தத்தில் நின்றார். வீட்டுக்குப் போகாமல் நேரே வயல். "முதல்ல இதப் பாரு, அப்புறம் ஒன் புட்டியப் பாப்போம்."

உளுந்து எடுத்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சில வெடிப்பில் என் கை மணிக்கட்டு வரை போனது. தென்னை ஈர்க்கை விட்டுப் பார்த்தேன், முழுசும் உள்ளே போயிற்று. சவுக்குக் குச்சியை விட்டபோதுதான் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அடி தட்டியது. பாளத்தின் ஓரத்தை உடைத்தால் சத்தம் கேட்கிறது. உடைந்த துண்டைக் கையில் அழுத்தினால் கை வலிக்கிறதே தவிர மண் உடையவில்லை. நான் ஜெய்சால்மரில் பார்த்த எந்த இடமும் இவ்வளவு வறண்டதாகக் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

நனைந்தால் வீங்கி, காய்ந்தால் சுருங்கும் களி இது. தகடு தகடாக அடுக்கிய நுண்கனிமம். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துகொள்ளும். அண்ணனுக்குப் புரியும் கணக்கில் சொன்னேன்: இந்த வகைச் சுத்தக் களி ஒரு கிராம் எடுத்து, உள்ளடுக்கு எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஐம்பது குழிக்கு மேல் (ஒரு குழி 144 சதுர அடி) பரப்பு வரும். பாதி மா! லிவா மணல் ஒரு கிராமை விரித்தால் ஒரு தாம்பாளம் நிரம்புவதே கஷ்டம். தண்ணீர் ஒட்டிக்கொள்வது பரப்பில்தான். அதனால்தான் களி அவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது, அதனால்தான் விடவும் மாட்டேன் என்கிறது.

மத்தியானம் அண்ணி விரால் குழம்பு வைத்திருந்தார். பக்கத்துக் குளம் இறைத்ததில் கிடைத்த மீன். மண்சட்டியில் மாங்காய் போட்டு, நேற்று வைத்து இன்று சுடவைத்தது. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை, அதனால் மற்றச் சாப்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் எழுதுவேன்.

சாப்பிட்டதும் திண்ணையில் சோதனை. ஐந்து ஊறுகாய் பாட்டில் கேட்டேன். "ஆவக்காய்க்கு வச்சிருக்கேன் தம்பி, மண்ணப் போட்டு நாசம் பண்ணாதீங்க" என்றார் அண்ணி. ஆனாலும் கழுவித் தந்தார். நாலு புட்டி மண்ணிலும் கொஞ்சம், ஐந்தாவதில் வயல் களியைத் தட்டிப் பொடித்து. தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத்தூள், நன்றாகக் குலுக்கல். லிவா ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. கடலோர மணலும் அப்படியே. ஜெய்சால்மரில் கொஞ்ச நேரம் மங்கல். தேரியில் மணல் இறங்கியும் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. களி பாட்டிலில் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய குருணை சீக்கிரம் விழும், நுண்துகள் மிதந்துகொண்டே இருக்கும், 0.002 மில்லிமீட்டர் துகள் பத்து சென்டிமீட்டர் இறங்க எட்டு மணி நேரம் ஆகும், அதைவிடச் சிறிசு நாள் கணக்கில். அண்ணன் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு, "நம்மாளு அவசரப்படமாட்டான்" என்றார். பெருமையாகத்தான்.

கல்லணை எலுமிச்சை இப்போது உதவியது. ஒவ்வொன்றின் மேலும் நாலு சொட்டு. அபுதாபி கடலோர மணல் சீறி நுரைத்தது. அது பெரும்பாலும் சிப்பிச் சுண்ணாம்பு. லிவா லேசாக. தேரி அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் சோதனையாகத் தெரிந்தது. பழம் தீரும்வரை விடவில்லை.

அப்புறம் வாக்குவாதம். பாலைவனம் என்றால் மணல், மணல் என்றால் தண்ணீர் நிற்காது, அதனால்தான் பாலைவனம்: இது அண்ணன் கட்சி. ஊரில் எல்லார் கட்சியும் அதுதான். முதலில், பாலைவனம் முழுக்க மணல் இல்லை. சகாராவிலேயே மணற்குன்று கால் பங்கு அளவுதான். மீதி பாறையும் பரலும். கோபி பெரும்பாலும் கற்பரப்பு. சிலியின் அடகாமாவில் உப்பு இறுகிக் கிடக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒரு குன்றுக் கூட்டம் முழுக்க ஜிப்சம். மழை இல்லாததால் பாலைவனம். மண்ணுக்கு அதில் பங்கு குறைவு.

இரண்டாவதுதான் அண்ணனுக்கு ஏறவில்லை. மழை குறைந்த இடத்தில் களிமண்ணைவிட மணலில்தான் செடி நன்றாக வாழும். ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. நோய்-மெயர் என்கிற இஸ்ரேலிய சூழலியலாளர் 1973-ல் இதை விளக்கி எழுதினார். ஒரு சின்ன மழை 20 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மணலில் அது ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். மேல் இரண்டு அங்குலம் காய்ந்ததும் அதுவே மூடியாகி, கீழே உள்ள ஈரம் தப்பிக்கும். களியில் அதே மழை நாலு விரற்கடையோடு நின்றுவிடும். நுண்துளை வழியாக மேலே ஏறி ஏறி வெயிலுக்குப் போகும். மிஞ்சியதையும் களி விட்டால்தானே? செடி வாடிப்போகிற கட்டத்திலும் களிக்குள் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும், வேருக்கு எட்டாது. மணலில் அந்தக் கட்டத்தில் நூற்றில் நாலைந்து பங்குகூட மிஞ்சாது. இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டது.

"அப்ப தை மாசம் சம்பா வயல்ல உளுந்து தெளிக்கிறோமே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்ன. ஒரு சொட்டுத் தண்ணி பாய்ச்சறதில்ல. எது குடுக்குது? ஒன் லிவாவுல தெளிச்சுப் பாரு."

அவர் சொன்னதும் சரி. ஆறும் மழையும் மாதக்கணக்கில் ஊட்டி நிரப்பிய களி அது. ஆயிரம் மில்லிமீட்டர் தாண்டிப் பெய்கிற ஊரில் களிதான் ராஜா. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் எந்த மண் நல்ல மண் என்று பேசுவது வீண். இதை ஒப்புக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசில்லை. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்.

இரவு பதினொன்றுக்கு இடி. கோடை மழை, காற்றோடு. மொட்டைமாடியில் நேர்ச்சுவர் கொண்ட ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

மே 23, வெள்ளி. அதே ஊர்

பாத்திரத்தில் 18 மில்லிமீட்டர். இதைவிட நல்ல மழையை ஆர்டர் கொடுத்து வாங்க முடியாது. வயலைப் பார்க்க எக்ஸ்எல்லில் கிளம்பினோம்.

வரப்புப் பாதையில் முப்பது அடி போயிருப்போம். களி டயரில் ஏறி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, பின் சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. இறங்கினால் செருப்பு வரவில்லை. இழுத்தால் கால் வந்தது, செருப்பு உள்ளேயே இருந்தது. அண்ணன் குச்சியால் குத்திக் குத்தி எடுக்க, எடுத்த அளவு மறுபடி ஏறியது. அபுதாபியில் சப்கா என்கிற உப்புக் களரில் வண்டி சிக்கி நின்றிருக்கிறேன். காய்ந்திருக்கும்போது ரோடு மாதிரிதான் கிடக்கும், அடியில் உப்புத் தண்ணீர் ஏறினால் வண்டி அச்சு வரை இறங்கும். அங்கே மேலோடுதான் ஏமாற்றும். இங்கே மண் ஒளிவு மறைவில்லாமல் பிடித்துக்கொள்கிறது.

டிராக்டரோடு வந்த ஒரு பையன் கயிறு கட்டி இழுத்துவிட்டான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "டீ வாங்கிக் குடுங்கண்ணே, போதும்." டீ 12 ரூபாய். அதோடு ஒரு மசால்வடையையும் அவன் தயங்காமல் எடுத்துக்கொண்டது எனக்கு நிம்மதி.

வெறுங்காலோடு நடந்துபோய் மண்ணைத் தோண்டினேன். பாளத்தின் மேல் சரியாக நாலு விரற்கடை ஈரம், அதற்குக் கீழே கல். வெடிப்புக்குள் ஓடிய தண்ணீர் மட்டும் ஆழத்தில் ஆங்காங்கே நனைத்திருந்தது. முதல் தண்ணீர் விடும்போது வயல் நிறைய ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று அண்ணன் சொன்னார்: வெடிப்பு எல்லாம் குடித்து, வீங்கி, வாய் மூடினால்தான் மேலே நிற்கும். மூன்று மணிக்குள் மேல் ஈரம் காய்ந்து, வண்டல் தோல் சிறு சிறு சில்லாகச் சுருண்டது. பகல் முழுக்க வேறு வேலை நடக்கவில்லை. செருப்பைக் கழுவினேன்.

மே 24, சனி. வேதாரண்யம், கோடியக்கரை

திருத்துறைப்பூண்டி மாறி வேதாரண்யம். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ஆட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மே மாதம் உப்பு வாரும் காலம், அங்கேயும் பெய்த மழை பாத்தியில் இருந்ததைக் கரைத்துவிட்டது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய இடம். பாத்தியின் தரையைத் தொட்டுப் பார்த்தேன்: காலால் மிதித்து மிதித்து இறுக்கிய களி. ஒரு சொட்டு கீழே இறங்கக்கூடாது. வெயிலுக்கு மட்டுமே வழி. கட்ச் ரண்ணிலும் உப்புத் தொழிலுக்கு இதே களிதான் ஆதாரம்.

கொஞ்ச தூரத்திலேயே மண் மாறிவிடுகிறது. கடலுக்கு இணையாக நீண்ட மணல்மேடுகள், அதன் மேல் மா, முந்திரி, மல்லிகை, சவுக்கு. 2018 கஜா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதில் வைத்த மாங்கன்றுகள் இப்போது தலைக்கு மேல். ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். மணல் மேற்பரப்பில் கால் வைக்க முடியவில்லை. கையால் ஒதுக்கினால் முதல் மூன்று விரற்கடை சுடுகிற உலர் மணல். அதற்குக் கீழே நிறம் கறுத்து, கைக்குச் சில்லென்று ஈரம். முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் ஈரம் முடியவில்லை. மேலே உலர் மணல் மூடியாக உட்கார்ந்துகொண்டது. பிடித்து அமுக்கினால் உருண்டையாக நின்றது. அண்ணன் வயலில் அதே மழையின் ஈரம் நேற்று மூன்று மணிக்கே மேலிருந்து போய்விட்டது.

தோட்டக்கார அம்மா நான் செய்வதைப் பார்த்துவிட்டு, "தண்ணியா வேணும்? அங்க குட்டையில இருக்கு, மோந்துக்கங்க" என்றார். மணலில் தோண்டிய குட்டை. ஆள் உயரம்கூட இல்லை, அடியில் நல்ல தண்ணீர். கடல் கூப்பிடு தூரம். மழைத் தண்ணீர் மணலில் நேரே இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், அதனால் யாரும் ஆழமாகத் தோண்டுவதில்லை. குடத்தில் மோந்து செடிக்குச் செடி ஊற்றுகிறார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை குடம்மா?" என்றதற்கு, "எண்ணிக்கிட்டா ஊத்துவாங்க?" என்றார். பறித்துவைத்த ஒரு மாம்பழத்தையும் கொடுத்தார்.

கோடியக்கரையில் ராமர் பாதம் ஏறினேன். அந்த வட்டாரத்திலேயே உயரமான மணல்மேடு. சுற்றிலும் பாலைப்பழ மரக் காடு, நடுவே உகா மரம். இந்த உகாவைத்தான் அரேபியாவில் பல்குச்சிக்கு ஒடிப்பார்கள். தார் பாலைவனத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். மழை இங்கே ஆயிரத்துக்கு மேல், ஜெய்சால்மரில் 200-ஐ ஒட்டி. மழையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஒரே மரம். கடற்கரை மணலில் எலுமிச்சைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய வினிகரை விட்டேன். சிப்பித் துண்டுகள் நுரைத்தன, அபுதாபி அளவுக்கு இல்லை.

மீன் சாப்பாடு 150 ரூபாய், காலா வறுவல் தனி. கடைசி பஸ் நான் போவதற்கு முன்பே போய்விட்டது. ஆட்டோ வேதாரண்யம் வரை 350 கேட்டு 300-க்கு வந்தார். வழி முழுக்க தன் மகன் துபாயில் மணலில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என்ன வேலை என்று கேட்டேன். பிளம்பர்.

மே 25, ஞாயிறு. மன்னார்குடிப் பக்கம்

களி பாட்டில் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அடியில் மெல்லிய மணல் கோடு, அதன் மேல் வண்டல், அதற்கு மேல் களி பாதிக்குக் குறையாமல். அண்ணி பாட்டில்களைத் திரும்பக் கேட்டார். நாலைக் கழுவிக் கொடுத்துவிட்டு இதை மட்டும் அண்ணன் தரவில்லை.

வேதாரண்யம் மணலைப் பற்றிச் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரு யோசனை. "கொல்லைல ஒரு மாவுக்கு மணல் அடிச்சுக் கலந்தா காய்கறி போடலாமா?" கணக்குப் போட்டோம். ஒரு மா என்பது சுமார் 14,400 சதுர அடி. மேல் அரை அடி மண்ணில் கால் பங்கு மணலாக்க 18 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும்; மூன்று யூனிட் லாரி ஆறு நடை. அவ்வளவு அடித்தாலும் களி நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் கீழே இறங்காது, பெயர் களிமண்தான். மணலும் களியும் கலந்து இறுகினால் முன்பைவிட மோசமாகவும் போகலாம்.

"ஆறு லாரி மணல் விலைக்கு இன்னொரு மா நெலமே வாங்கிடலாம்டா" என்றார். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் களி தானாகவே கொஞ்சம் நெகிழும், அதுதான் இந்த மண்ணுக்குச் சரி என்றேன். அது அவருக்குத் தெரியாததா. "அன்னைக்கு மழை ஈரத்துலயே தெளிச்சிருக்கணும், ஒன்னோட சுத்திக்கிட்டு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, விதை கேட்டுப் பக்கத்து ஊருக்குக் கிளம்பினார். போகிற வழியில் என்னைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.